தீராத தடிமன்: ஒவ்வாமையா, பீனிசமா?

“தூசு ஒத்துக்கொள்ளவில்லை” என்ற ஒரே சொல்லில் நம் வீட்டு மூக்கு நோய்கள் அனைத்தையும் நாம் அடக்கிவிடுகின்றோம். மாதக்கணக்கில் மூக்கடைப்புடன் இருக்கும் மாணவனுக்கு ஒவ்வாமைக் குளிசையொன்றைக் கொடுத்துப் பாடசாலைக்கு அனுப்புகின்றோம். பழைய வகைக் குளிசையாயின் அது தூக்கத்தைத் தரும். நோயோ நின்றபடியே நிற்கும். வகுப்பில் அவன் சோம்பேறியெனப் பெயரெடுப்பான். அவனை வருத்துவது நாட்பட்ட பீனிசமாகவும் இருக்கலாம்.

பீனிசம் தோன்றுமாறு

நம் முக எலும்புகளினுள்ளே, கன்னங்களிலும் நெற்றியிலும் கண்களுக்கிடையிலும் மூக்கின் பின்னாழத்திலுமாக, நான்கு சோடிக் காற்றறைகள் உள்ளன. இவற்றில் ஊறும் சளியை நுண்மயிர்கள் சிறு துவாரங்கள் வழியே மூக்கினுள் தள்ளுகின்றன. கன்ன அறையின் துவாரம் அடியிலன்றி மேற்புறத்தில் அமைந்திருத்தலால், சளி தானாக வடியாது. நுண்மயிர்களே அதனை மேலேற்றவேண்டும். துவாரத்தருகே சவ்வு வீங்கினால் வழி அடைபடும், சளி தேங்கும். இந்நிலை 12 கிழமைகளுக்கு மேல் நீடிப்பின் அதனை நாட்பட்ட பீனிசம் என்பர் வைத்தியர்.

வேறுபாடு அறிதல்

ஒவ்வாமையில் தும்மல் தொடர்ந்து வரும். மூக்கும் கண்ணும் அரிக்கும். தெளிந்த நீர் ஒழுகும். தூசியோ பூனையோ அணுகும்போது வருத்தம் கூடும், விலகினால் தணியும். பீனிசத்தில் அரிப்பு பெரிதாக இராது. தடித்த சளி தொண்டையின் பின்புறமாக இறங்கும். கன்னமும் நெற்றியும் கனக்கும். தாளிதத்தின் மணமும் தெரியாதவாறு முகரும் ஆற்றல் குன்றும். ஒரு பக்கத்தில் மட்டும் துர்நாற்றமுள்ள சளி வந்தால், மேற்கடைவாய்ப் பல்லையும் சோதித்தல் வேண்டும்.

இரண்டு நோய்களும் ஒருவரிடமே சேர்ந்திருத்தலும் உண்டு. ஆதலின் வைத்தியர் ஒளி பொருத்திய மெல்லிய குழாயால் மூக்கினுட் பார்த்தும், வேண்டின் சீ.ரி. ஸ்கான் எடுத்தும் முடிவு செய்வர்.

சிகிச்சை

முதலாவது, உப்புநீரால் மூக்கைக் கழுவுதல். கொதித்தாறிய அரை லீற்றர் நீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவும் கரைத்தாற் போதும். கொதிக்கவைக்காத கிணற்று நீர் ஆகாது; அரிதாயினும், மூளையைத் தாக்கும் அமீபா அதன்வழி ஏறக்கூடும். இரண்டாவது, வைத்தியர் தரும் ஸ்டீரொயிட் தெளிமருந்தைக் கிழமைக்கணக்கில் தவறாது பயன்படுத்தல். அடைப்பை உடனே திறக்கும் சொட்டுமருந்தையோ ஒரு கிழமைக்கு மேல் விடலாகாது. விட்டால் அடைப்பு முன்னிலும் வலுத்து மீளும்.

இவற்றால் குணமாகாதவர்க்குச் சத்திரசிகிச்சை உண்டு. சளி இயற்கைத் துவாரத்தை நோக்கியே செல்வதை ஆஸ்திரிய வைத்தியர் மெசர்கிளிங்கர் ஆராய்ந்து காட்டி, 1978இல் நூலும் வெளியிட்டார். அவ்வழியைத் திறந்துவிடுவதே இன்றைய சத்திரசிகிச்சையின் நோக்கமாகும்.

கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரட்டித்தல், கடுந்தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். ஏனையோர், வருத்தம் தொடங்கிய நாளையும் சளியின் தன்மையையும் மணம் தெரிகின்றதா என்பதையும் ஒரு தாளிற் குறித்துக்கொண்டு வைத்தியரிடம் செல்வோமாக. சரியான மருந்துக்கு அக்குறிப்பே பாதி வழி காட்டும்.