திருமயத்தில் இரு நாள்கள்

உலகம் சுற்றிய இப்னு பதூதா, தமிழகத்தில் மனம் ஒன்றித் தங்கினார் என்று சொல்வதற்கில்லை. 1340களில், அரபியர் மஅபர் என்று அழைத்த நம் கரையில் இறங்கி, மதுரை சுல்தான் கியாசுத்தீன் தாமகானியின் விருந்தினராக இருந்த அவர், கொள்ளைநோய் சூழ்ந்த மதுரையில் தாமும் கடுங்காய்ச்சலில் வீழ்ந்தார். இந்நாட்டில் மிகுதியாகக் கிடைத்த புளியைக் கரைத்துக் குடித்து உயிர் பிழைத்ததாக அவரே எழுதியிருக்கிறார். பிழைத்தவர் ஊரை விட்டுப் புறப்படுவதிலேயே குறியாயிருந்தார். அவரைத் துரத்தியது நோய். நம்மை எதுவும் துரத்துவதில்லை. இருந்தும் நாம் ஊர்களை அவரைவிட விரைவாகக் கடந்து செல்கிறோம். ஒரே பகலில் ஒன்பது இடங்கள் என்று திட்டமிடப்படும் இன்றைய சுற்றுலாவில் இறங்குவதும் ஏறுவதுமே நினைவில் எஞ்சுகின்றன.

விடுமுறை இரண்டே நாள்கள்தாம் என்றால் ஒரே ஊரைத் தேர்ந்துகொள்வது நலம் என்பது என் கருத்து. அதற்குப் புதுக்கோட்டை மாவட்டத்துத் திருமயத்தைக் காட்டிலும் பொருத்தமான சிற்றூரைக் காண்பது அரிது. புதுக்கோட்டையிலிருந்து தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர். காரைக்குடியிலிருந்தும் அதே அளவு. திருச்சியிலிருந்து காரைக்குடி செல்லும் இருப்புப்பாதையில் ஊருக்கென ஒரு நிலையம் உண்டு. ஆனால் எல்லா வண்டிகளும் அங்கு நிற்பதில்லை. பேருந்தில் வருவோர், அது ஊருக்குள் நிற்குமா என்பதை ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

காட்டுபாவா பள்ளிவாசலுக்கு ஸியாரத் செல்லும் நம்மவர் பலரும் இவ்வூர் வழியாகத்தான் போகின்றனர். பேருந்துச் சன்னலில் குன்றும் மதிலும் தெரியும். கழுத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். அதற்குள் ஊர் முடிந்துவிடும். அந்தக் கோட்டை நமக்கு அயலான வரலாறு என்ற எண்ணம் அப்பார்வையில் மறைந்திருக்கிறது. அது சரியன்று என்பதற்குக் கோட்டையைக் கட்டியவரே சான்று.

1687ஆம் ஆண்டு இக்கோட்டையை எழுப்பியவர், கிழவன் சேதுபதி என்று வழங்கப்பெறும் இராமநாதபுரம் மன்னர் விசயரகுநாத சேதுபதி. கீழக்கரை வள்ளல் சீதக்காதி மரைக்காயர் இவருக்கு நெருங்கிய நண்பராகவும் துணைவராகவும் விளங்கியவர். மன்னரின் பெயரையே முன்னொட்டாகக் கொண்டு ‘விசயரகுநாத பெரியதம்பி மரைக்காயர்’ எனும் சிறப்புப் பெயரும் பெற்றவர். உமறுப்புலவரின் சீறாப்புராணம் உருவாகத் தூண்டுகோலாயிருந்தவரும் அவரே. நபிகள் நாயகத்தின் வரலாறு தமிழ்க் காப்பியமாக மலர்வதற்கான வித்து விழுந்த அதே சேதுநாட்டின் வடக்கு எல்லைக் காவலாகத்தான் இக்கற்கள் அடுக்கப்பட்டன. இதை அறிந்துகொண்டு மதிலை நோக்குபவனுக்கு அது வேறு மதிலாகத் தெரியும்.

இம்மன்னர் மணந்த காதலி என்பாரின் உடன்பிறந்தாரான இரகுநாதத் தொண்டைமானே புதுக்கோட்டைத் தொண்டைமான் மரபின் முதல்வர். 18ஆம் நூற்றாண்டில் திருமயமும் அம்மரபினர் கைக்கு வந்தது. 1948 மார்ச்சு 3ஆம் நாள் புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்துடன் இணையும்வரை அவர்கள் ஆட்சியே நீடித்தது. கோட்டையை ‘ஊமையன் கோட்டை’ என்றும் மக்கள் அழைப்பர். கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை போரிட்டதோ 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும். கோட்டை அதற்கு நூறாண்டுகளுக்கும் மேல் மூத்தது. எனவே இப்பெயர் பின்னர் வந்து ஒட்டியது என்பதில் ஐயமில்லை. கட்டபொம்மன் 1799இல் பிடிபட்டது இம்மாவட்டத்துத் திருக்களம்பூர்ப் பகுதியில்தான் என்பது இப்பெயர் நிலைக்கத் துணைசெய்திருக்கலாம்.

இனி நேரத்தைப் பற்றி. திருமயப் பயணத்தின் வெற்றியும் தோல்வியும் இதில்தான் அடங்கியிருக்கின்றன. கோட்டை, தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச் சின்னம். பகல் முழுவதும் திறந்திருக்கும், அந்தி சாயுமுன் மூடப்படும். கோயில்களோ நண்பகலில் நடை சாத்தப்பட்டு மாலையில்தான் மறுபடியும் திறக்கும். ஆகவே நடுப்பகலில் வந்திறங்குபவனுக்குத் திறந்திருப்பது கோட்டை ஒன்றே. அப்பொழுது அதன் பாறை தோசைக்கல்லாகக் காய்ந்திருக்கும். ஒரு சித்திரை மாதத்து நண்பகலில், தண்ணீர்க் குப்பியும் இல்லாமல் உச்சிக்கு ஏறிய என் அறியாமையை இங்கே ஒப்புக்கொள்கிறேன். உச்சியில் நின்றது இரண்டு நிமிடம். கண்டது எதுவும் நினைவில்லை.

எனவே முதல் நாள் லுஹர் தொழுகையை முடித்து, உணவருந்தி, ஓய்வெடுத்து, வெயில் தாழ்ந்தபின் கோட்டைக்குள் நுழைவதே முறை. ஏறத்தாழ 40 ஏக்கர் பரப்பில், ஒன்றனுள் ஒன்றாக ஏழு சுற்று மதில்கள் இருந்தன என்பர். அவற்றுள் சில இன்று தடம் மட்டுமே. வெளியே அகழி. மேற்குச் சரிவில், பாறையின் நடுவுயரத்தில் குடையப்பட்ட ஒரு சிறு அறையில் இலிங்கம் உள்ளது. கோட்டைக்குப் பல நூற்றாண்டுகள் முந்திய பணி அது. மன்னர் வெற்றுக் குன்றைத் தேர்ந்தெடுக்கவில்லை. முன்பே மனிதர் பொருள் கண்டிருந்த குன்றையே அரணாக்கினார். உச்சி மேடையில் ஒரு பீரங்கி நிற்கிறது. அங்கிருந்து நாற்புறமும் கண்மாய்களும் செம்மண் பொட்டல்களும் விரியும். நல்ல மழை பெய்த ஆண்டானால் மார்கழி, தை மாதங்களில் கண்மாய்கள் நிறைந்திருக்கும். இப்பயணத்திற்கு உகந்த காலம் மார்கழி முதல் மாசி வரை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாறை வழுக்கும். பங்குனி பிறந்துவிட்டால் முதியோரையும் குழந்தைகளையும் ஏற்றிச் செல்லலாகாது.

மறுநாள் காலை குன்றின் தென்சரிவுக்குப் போகலாம். ஒரே பாறையில், அடுத்தடுத்து, சிவனுக்கொரு குடைவரையும் திருமாலுக்கொரு குடைவரையும் அமைந்துள்ளன: சத்தியகிரீசுவரர் கோயில், சத்தியமூர்த்திப் பெருமாள் கோயில். பின்னது வைணவர் போற்றும் 108 திருப்பதிகளுள் ஒன்று. ஊரின் பழம்பெயர் திருமெய்யம். மெய் என்பதன் வடமொழி வடிவமே சத்தியம். 1887இல் இவ்வூரில் பிறந்து, விடுதலைப் போராட்டத் தலைவராகவும் 1939இல் சென்னை மேயராகவும் விளங்கிய சத்தியமூர்த்தியின் பெயரும் இப்பாறையிலிருந்து இறங்கி வந்ததே. சிவன் குடைவரையில் பழைய இசைக் கல்வெட்டு ஒன்றன் சிதைந்த பகுதிகள் உள்ளன. அதன் முழுமையான உறவினை இதே மாவட்டத்துக் குடுமியான்மலையில் காணலாம்.

இங்கு நம் கருத்துக்குரியது வேறொரு கல்வெட்டு. இவ்விரு கோயிலாரும் வருவாய் குறித்து நெடுங்காலம் பிணங்கியிருந்தனர். 1245ஆம் ஆண்டில், போசளப் படைத்தலைவர் அப்பண்ண தண்டநாயகர் முன்னிலையில் ஊரவை கூடி, வழக்கைத் தீர்த்து, தீர்ப்பைக் கல்லில் பொறித்தனர். கன்னட நாட்டிலிருந்து வந்த ஒரு படைத்தலைவர், தமிழ்நாட்டுச் சைவ வைணவப் பிணக்கை வாளால் அன்றி அவையால் முடித்தார். இன்றும் இரண்டுக்கும் வாசல் வேறு. ஆயினும் பாறை ஒன்றே.

முஸ்லிம் வாசகர் ஒருவர் இக்கோயில்களை எதுவரை சென்று காணலாம் என்ற வினா எழும். இந்து அல்லாதார் கொடிமரத்தைக் கடக்கலாகாது என்னும் விதி தமிழகக் கோயில்கள் பலவற்றில் உண்டு. வாசலில் கேட்டறிந்து, சொன்ன எல்லையில் நிற்பதே பண்பு. நம் பள்ளிக்குள் வருவோரிடம் நாம் எதிர்பார்ப்பதும் அதுதானே. வெளிப்புறத்தையும், குன்றும் கோயிலும் இணையும் அமைப்பையும் நின்று பார்ப்பதற்கே ஒரு காலைப்பொழுது போதாது.

பின்னர் மதுரைச் சாலையில் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் சென்றால் காட்டுபாவா பள்ளிவாசல். பாவா பக்ருத்தீன் எனும் இறைநேசர் இங்கு அடங்கியுள்ளார். காட்டுவழியில் கள்வரிடம் சிக்கிய பெண்களைக் காக்க முற்பட்டு உயிர் துறந்தவர் என்று அவரைப் பற்றி அங்கு சொல்லப்படுகிறது. அவர் பெயரில் ஒட்டிக்கொண்ட ‘காடு’ இன்று பெரும்பாலும் இல்லை. ரபீயுல் ஆகிர் மாதத்தில் உரூஸ் நடைபெறும். எல்லாச் சமயத்தவரும் திரள்வர். சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள்கள் குறைந்தது என்பதால் உரூஸ் ஆண்டுதோறும் முன்னோக்கி நகரும். அது கடுங்கோடையில் வரும் ஆண்டுகளும் உண்டு. கூட்டத்தில் கலந்துகொள்ள விழைவோர் அந்நாளிலும், அமைதியை நாடுவோர் மற்ற நாள்களிலும் செல்க.

நேரம் மிஞ்சினால் அருகிலுள்ள இராங்கியத்தை நினைவில் கொள்ளலாம். 14ஆம் நூற்றாண்டில் சுல்தானைச் ‘சுரத்தான்’ என்று தமிழ்க் கல்லில் பொறித்த சான்றுகள் இராங்கியத்திலும் பனையூரிலும் கிடைத்துள்ளன. இப்னு பதூதா வந்துபோன நூற்றாண்டின் தடயங்கள் அவை. சித்தன்னவாசலையும், 1910இல் தொடங்கப்பெற்ற புதுக்கோட்டை அருங்காட்சியகத்தையும் இதே பயணத்தில் திணிக்கும் ஆசை வரும். அவை இன்னொரு பயணத்திற்குரியவை.

தங்குவதற்குத் திருமயத்தில் வாய்ப்புகள் குறைவு. கடியாபட்டியிலும் கானாடுகாத்தானிலும் நகரத்தாரின் பழைய இல்லங்கள் சில விடுதிகளாக்கப்பட்டுள்ளன, செலவு மிகுதி. சிக்கனமாக முடிக்க எண்ணுவோர் புதுக்கோட்டையிலோ காரைக்குடியிலோ அறை எடுக்கலாம். கஸ்ர் தொழுகையின் பயண எல்லை ஏறத்தாழ 80 கிலோமீட்டரை ஒட்டியது. சென்னையிலிருந்து வருவோர்க்கு இதில் குழப்பமில்லை. திருச்சியிலிருந்து வருவோர்க்குத் தொலைவு அதற்குச் சற்றே குறையும் என்பதால், தம் மத்ஹபு அறிந்த ஆலிமிடம் கேட்டுக்கொண்டு புறப்படுக. வெள்ளிக்கிழமையை உள்ளடக்கித் திட்டமிட்டால், முதல் நாள் ஜும்ஆவை முடித்த கையோடு, பாறை குளிரத் தொடங்கும் வேளையில், கோட்டை வாசலில் நிற்கலாம்.