பல் போனால் சொல் போகுமா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்

முன்னுரை

"பல் போனால் சொல் போச்சு" என்பது நம் முன்னோர் கூறிய பழமொழி. சொல் மட்டுமா போகிறது? உணவின் சுவை போகிறது. வாய்விட்டுச் சிரிக்கும் துணிவு போகிறது. பந்தியில் நாலு பேரோடு உட்கார்ந்து உண்ணும் மகிழ்ச்சியும் போகிறது. ஆயினும் நம் நாட்டுப்புறங்களில் பல் போவதை ஒரு நோயாக எவரும் கருதுவதில்லை. "வயசாச்சு, விழுந்துடுச்சு" என்று சொல்லி, கஞ்சிக்கும் குழைந்த சோற்றுக்கும் பழகிக் கொள்கிறார்கள்.

ஒரு தாடையின் பற்கள் அனைத்தும் போன பிறகும், எலும்பிலேயே ஊன்றி நிற்கும் பல் வரிசை ஒன்றை அமைக்க விஞ்ஞானம் வழி கண்டுள்ளது. அதுவே இம்ப்ளாண்ட் எனப்படும் பல் உள்வைப்பு முறை. "ஒரே நாளில் புதிய பற்கள்" என்னும் விளம்பரங்கள் இன்று கைப்பேசி வழியாகக் கிராமங்களையும் எட்டிவிட்டன. நகையை அடகு வைத்து இச்சிகிச்சைக்குச் செல்வோர்க்கு அதன் அடிப்படை தெரிந்திருத்தல் நலம். எனவே இம்முறை எவ்வாறு தோன்றியது, எவ்வாறு செய்யப்படுகிறது, யாருக்குப் பொருந்தும், இதைவிட எளிய வழி உண்டா என்பனவற்றை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

பல்லும் தாடை எலும்பும்

பல் என்பது எலும்பில் அடித்த ஆணி போன்றதன்று. பல்லின் வேருக்கும் எலும்புக்கும் இடையே சுமார் 0.2 மில்லிமீட்டர் அகலமுள்ள மெல்லிய நார்த்தசை ஒன்று உள்ளது. நாம் மெல்லும்போது அந்நார்கள் எலும்பை இழுத்தும் தளர்த்தியும் அதற்கு வேலை கொடுத்துக் கொண்டே இருக்கின்றன. சோற்றில் ஒரு சிறு கல் அகப்பட்டாலும் உடனே உணர்வதும் இந்நார்களில் உள்ள நரம்புகளால்தான்.

வேலை இருக்கும்வரைதான் எலும்பு நிலைக்கும். பல்லைப் பிடுங்கிய பிறகு, அதைத் தாங்கிய எலும்பு மேடு கரையத் தொடங்குகிறது. முதல் ஆண்டில் இக்கரைவு மிகுதி. அதன்பின் வேகம் குறைந்தாலும் முற்றிலும் நிற்பதில்லை. டால்கிரென் என்ற ஆராய்ச்சியாளர், முழுப் பல் செட்டு அணிந்தவர்களை 25 ஆண்டுக் காலம் கவனித்து 1972இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மேல்தாடையைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு உயரத்தைக் கீழ்த்தாடை இழக்கிறது என்பது அவர் கண்ட உண்மை. வயதானவர்களின் கன்னம் ஒட்டி, மோவாயும் மூக்கும் நெருங்கித் தோன்றுவதற்கு இதுவே முதற்காரணம்.

பல் செட்டின் குறை

இவ்வுண்மையை நான் எங்கள் ஆயாவிடம் நேரிலேயே கண்டேன். சேத்தியாத்தோப்பை அடுத்த கழனிகளில் நடவு நட்டு எங்கள் குடும்பத்தைக் காத்தவர் அவர். ஐம்பத்தைந்து வயதுக்குள் பற்கள் யாவும் ஆடி விழுந்துவிட்டன. பல் செட்டு கட்டிக் கொடுத்தார்கள். முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் நன்றாகவே இருந்தது. பின்னர்க் கீழ்ச்செட்டு ஆடத் தொடங்கிற்று. பேசினால் எழும்பியது, மென்றால் ஈறு புண்ணாயிற்று. இப்போது அது ஒரு டப்பாவில் இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து என்றால் மட்டும் வெளியே வரும். சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிய வண்டிகள் வரிசையாய்ப் போகும் ஊரில் இருந்துகொண்டு, ஒரு துண்டுக் கரும்பைக் கடிக்க அவரால் இயலாது.

செட்டு கட்டியவரைக் குறை சொல்வதற்கில்லை. செட்டு மாறவில்லை, அதன் கீழிருந்த எலும்புதான் தேய்ந்துவிட்டது. மேல் செட்டு அண்ணத்தில் காற்றுப் புகாமல் ஒட்டிக் கொள்ளும். கீழ்ச்செட்டுக்கோ நாக்கு அசையும் இடம் போக மிஞ்சுவது குதிரை லாடம் போன்ற குறுகிய மேடு மட்டுமே. அந்த மேடும் கரைந்தால் செட்டு எதில் நிற்கும்? முழுச் செட்டு அணிந்தவரின் கடிக்கும் வலிமை, இயற்கைப் பல்லின் வலிமையில் நான்கில் ஒரு பங்கு அளவே இருக்கும் என்பர்.

முயலின் காலில் கிடைத்த விடை

எலும்போடு ஒட்டிக் கொள்ளும் ஒரு பொருள் கிடைத்தால் இச்சிக்கல் தீரும். மனிதன் இதை நெடுங்காலமாகத் தேடியிருக்கிறான். 1931இல் நடு அமெரிக்காவில் உள்ள ஹோண்டுராஸ் நாட்டில் மாயர் இனத்தவரின் பழந்தாடை எலும்பு ஒன்று கிடைத்தது. அதில் மூன்று பற்களுக்குப் பதிலாகச் சிப்பித் துண்டுகள் பொருத்தப்பட்டிருந்தன! அது ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் பழமையானது.

முறையான விடை சுவீடன் நாட்டில் தற்செயலாகக் கிடைத்தது. 1952இல் பிரோனிமார்க் என்ற மருத்துவ விஞ்ஞானி, எலும்பு மச்சையில் இரத்தம் ஓடுவதைக் காண்பதற்காக முயலின் கால் எலும்பில் டைட்டானியக் கருவி ஒன்றைப் பதித்தார். ஆராய்ச்சி முடிந்து அதைத் திரும்ப எடுக்க முயன்றபோது வரவில்லை. எலும்பு அதனோடு ஒன்றிப் போயிருந்தது. வேறொருவராயின் விலையுயர்ந்த கருவி வீணாயிற்றே என்று வருந்தியிருப்பார். அவரோ இதையே ஆராய்ச்சிப் பொருளாக்கிக் கொண்டார். 1965இல் கோஸ்டா லார்சன் என்பவரின் பல்லற்ற கீழ்த்தாடையில் நான்கு டைட்டானிய முளைகளைப் பதித்துப் பற்களை அமைத்தார். லார்சன் 2006இல் இறக்கும் வரையில், நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவை பயன்பட்டன. ஆயினும் பிற நாட்டு மருத்துவர்கள் உடனே நம்பிவிடவில்லை. 1982இல் கனடாவின் டொராண்டோ நகரில் நடந்த மாநாட்டில் ஆண்டுக்கணக்கான சான்றுகள் வைக்கப்பட்ட பின்னரே இம்முறை உலகெங்கும் பரவிற்று.

ஏன் டைட்டானியம்?

வேதியியல் பயிலும் நமக்கு இது சுவையான கேள்வி. டைட்டானியத்தின் அணு எண் 22. அது ஆக்சிஜனோடு மிக எளிதில் வினைபுரியும் உலோகம். அவ்வாறாயின் இரும்பைப் போல் துருப்பிடித்து அழிய வேண்டாமா? இல்லை. காற்றுப் பட்டவுடன் அதன் மேற்பரப்பில் சில நானோமீட்டர் தடிமனுள்ள டைட்டானியம் டை ஆக்சைடு படலம் உருவாகி, உள்ளிருக்கும் உலோகத்தைக் காத்துவிடுகிறது. கீறல் பட்டாலும் படலம் உடனே மீண்டும் உருவாகும். உடல் அந்தப் படலத்தையே தொடுகிறது. அதைப் பகையாகக் கருதாமல் எலும்புச் செல்கள் அதன்மீது படர்ந்து வளர்கின்றன.

இதன் தாதுவாகிய இல்மனைட் நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கிறது. கேரளத்துச் சவறாவிலும் உண்டு. அங்கே 2011இல் டைட்டானியப் பஞ்சு உலோக ஆலை ஒன்று தொடங்கப்பட்டது. மணலாகக் காலில் மிதிபடும் பொருள், வேதியியலார் கைப்பட்டால் இவ்வளவு உயர்வு பெறுகிறது.

பன்னிரண்டு பல்லுக்கு நான்கு முளை

ஒரு தாடையில் பன்னிரண்டு பல் வேண்டுமானால் பன்னிரண்டு முளை பதிக்க வேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. ஆற்றுப் பாலத்துக்கு அடிக்கு ஒரு தூண் தேவையில்லை அல்லவா? அதுபோல நான்கு முதல் ஆறு முளைகள் மீது முழு வரிசையையும் ஒரே பாலமாக அமைக்கலாம். முளை என்பது ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் குறுக்களவும், 10 முதல் 13 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட சிறு திருகு.

கடைவாய்ப் பகுதியில் ஓர் இடர் உண்டு. மேல்தாடையில் அங்கே காற்றறையும், கீழ்த்தாடையில் உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்வு தரும் நரம்பும் உள்ளன. எலும்பு கரைந்தவர்களுக்கு அங்கே முளை பதிக்க ஆழம் போதாது. போர்ச்சுகல் நாட்டின் லிஸ்பன் நகர மருத்துவர் பாலோ மாலோ 1998இல் இதற்கு ஒரு முறையைக் கையாண்டார். முன்புறம் இரண்டு முளைகளை நேராகவும், பின்புறம் இரண்டை 45 பாகை வரை சாய்த்தும் பதித்தார். பந்தற்காலுக்குச் சாய்வாக முட்டுக் கொடுப்பது போன்றது இது. சாய்ந்த முளை நரம்பையும் காற்றறையையும் விலகிச் செல்கிறது, நீளமும் கூடுகிறது. பலருக்கு எலும்பு ஒட்டும் அறுவையும் இதனால் தேவைப்படாமற் போயிற்று.

சிகிச்சையின் படிகள் வருமாறு: முதலில் முப்பரிமாண எக்ஸ்ரே எடுத்து எலும்பின் உயரம், அகலம், நரம்பின் வழி ஆகியவற்றை அளக்கிறார்கள். பின்னர் மரத்துப்போக ஊசி போட்டு, உப்பு நீர் பாய்ச்சிக் கொண்டே எலும்பில் துளையிடுகிறார்கள். எலும்பின் சூடு 47 பாகை செல்சியசைத் தாண்டி ஒரு நிமிடம் நின்றாலே எலும்புச் செல்கள் மடியத் தொடங்கும். ஆகவே குளிர்வித்தல் இன்றியமையாதது. பிறகு முளைகளைத் திருகி இறக்குகிறார்கள். அவை போதிய இறுக்கத்தோடு நின்றால் தற்காலிகப் பல் வரிசை ஒன்றை அன்றோ அடுத்த சில நாட்களிலோ பொருத்தலாம். இறுக்கம் போதாவிட்டால் காத்திருக்க வேண்டும்.

விளம்பரம் கூறும் "ஒரே நாள்" என்பதன் பொருள் இவ்வளவே. அன்று கிடைப்பது தற்காலிக வரிசை. எலும்பு முளையோடு ஒன்றுவதற்கு மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். அதுவரை மெதுவான உணவே உண்ண வேண்டும். நிரந்தர வரிசை அதன் பின்னரே. எலும்பை எந்த விளம்பரத்தாலும் அவசரப்படுத்த முடியாது.

விருத்தாசலத்தார்க்குத் தெரிந்த வித்தை

நிரந்தர வரிசை பலவகைப் பொருள்களால் செய்யப்படுகிறது. அவற்றுள் சிறந்த ஒன்று சிர்க்கோனியா என்னும் பீங்கான். நம் விருத்தாசலத்தில் பொம்மையும் ப்யூஸ் கட்டையும் செய்யும் தொழிலாளர் எவரைக் கேட்டாலும் ஒன்று சொல்வார்: "பச்சையாய் இருக்கும்போது பெரிதாய் இருக்க வேண்டும், சூளையில் வெந்தால் சுருங்கும்." சிர்க்கோனியாவிலும் இதே கணக்குத்தான். வேண்டிய அளவைவிட ஐந்தில் ஒரு பங்கு அளவு பெரிதாகப் பல் வரிசையைக் கணிப்பொறி உதவியால் கடைந்து, ஏறக்குறைய 1,500 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுடுகிறார்கள். அது சரியான அளவுக்குச் சுருங்கி வருகிறது.

பீங்கான் கீழே விழுந்தால் உடையுமே, பல்லுக்கு ஆகுமா என்று கேட்கலாம். சிர்க்கோனியாவில் சிறிதளவு இட்ரியம் ஆக்சைடு சேர்க்கப்படுகிறது. விரிசல் ஒன்று ஓடத் தொடங்கினால், அதன் முனையில் உள்ள படிகங்கள் வடிவம் மாறிப் பருத்து அவ்விரிசலை நெருக்கி நிறுத்துகின்றன. சிர்க்கோனியாவின் இத்தன்மையை விளக்கி 1975இல் கட்டுரை வெளியிட்ட ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இதைப் "பீங்கான் எஃகு" என்றே அழைத்தனர்.

நடுவழி ஒன்று உண்டு

ஒரு தாடைக்கு நிலையான வரிசை அமைக்க இன்று இலட்சக் கணக்கில் செலவாகிறது. எங்கள் வீட்டில் இதைப் பற்றிப் பேச்சு எழுந்தபோது, அரைக்காணி நிலத்தின் பேச்சும் கூடவே எழுந்தது. ஆயா ஒரே சொல்லில் மறுத்துவிட்டார்: "பல்லுக்காக நெலமா?"

ஆனால் பல் செட்டுக்கும் நிலையான வரிசைக்கும் இடையே ஒரு நடுவழி இருப்பதை அதிகம் பேர் அறியார். கீழ்த்தாடையின் முன்புறம் இரண்டே முளைகள் பதித்து, சட்டைப் பொத்தான் போல் செட்டை அவற்றின்மீது அழுத்தி மாட்டிக் கொள்வதே அது. இரவில் கழற்றிக் கழுவலாம். செலவும் பெரிதும் குறையும். 2002இல் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் கூடிய வல்லுநர்கள், பல்லற்ற கீழ்த்தாடைக்கு இனி முதலில் பரிந்துரைக்க வேண்டியது வெறும் செட்டு அன்று, இந்த இருமுளைச் செட்டே என்று அறிக்கை வெளியிட்டனர். அதுவும் இயலாதவர்க்கு, ஆடும் செட்டின் உட்புறத்தைத் தேய்ந்த ஈறுக்கு ஏற்பப் புதிதாக நிரப்பிக் கட்டலாம். இதற்கு அறுவை எதுவும் இல்லை.

எவர் கவனமாக இருத்தல் வேண்டும்?

பத்தாண்டு கழிந்தும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட முளைகள் நிலைப்பதாக ஆய்வுகள் கூறுகின்றன. எனினும் கட்டுப்படாத சர்க்கரை நோய் உள்ளவர்க்கும், புகைபிடிப்போர்க்கும் தோல்வி மிகுதி. எலும்புத் தேய்வுக்கு மருந்து உண்போர் அதனை முன்னதாகவே மருத்துவரிடம் கூற வேண்டும். முளைக்குச் சொத்தை வராது. ஆனால் அதைச் சுற்றிய ஈறும் எலும்பும் அழுகக் கூடும். முளையில் நார்த்தசையும் நரம்பும் இல்லாததால் வலி தாமதமாகவே தெரியும். ஆகவே நாள்தோறும் பாலத்தின் அடியில் துலக்குவதும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டுவதும் கட்டாயம்.

சிகிச்சைக்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு:

1. மீதமுள்ள பற்களைக் காப்பாற்ற வழியே இல்லையா?
2. எத்தனை முளை? இருமுளைச் செட்டு போதாதா?
3. சொல்லும் தொகை தற்காலிக வரிசைக்கு மட்டுமா, நிரந்தர வரிசையும் சேர்த்தா?
4. ஒரு முளை தோற்றால் அடுத்து என்ன செய்வீர்கள்? அச்செலவு யாருடையது?

நம் பகுதியினர் முதலில் சிதம்பரம் சென்று ஆலோசனை பெறலாம். 1980இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தோன்றிய பல் மருத்துவக் கல்லூரி, 2021இல் தமிழக அரசின் சுகாதாரத் துறைக்கு மாற்றப்பட்டு இயங்கி வருகிறது.

முடிவுரை

செயற்கைப் பல் எவ்வளவு உயர்ந்ததாயினும் சோற்றுக் கல்லை உணரும் இயற்கைப் பல்லுக்கு ஈடாகாது. முதுமையினால் மட்டும் எந்தப் பல்லும் விழுவதில்லை. ஈறு நோயும், சொத்தையும், புகையிலையும், கவனியாத சர்க்கரை நோயுமே அவற்றைக் கொண்டு போகின்றன. ஈற்றில் இரத்தம் கசியும்போதே காட்டினால் பெருஞ்செலவைத் தவிர்க்கலாம்.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் நம் வீட்டிலிருந்து கல்லூரிப் படியேறிய முதல் தலைமுறையினர். மருந்துச் சீட்டையும் மதிப்பீட்டுத் தாளையும் படித்துச் சொல்ல வீட்டார் நம்மையே எதிர்பார்க்கின்றனர். நாம் கற்ற விஞ்ஞானம் தேர்வுத் தாளோடு நின்றுவிடலாகாது. பெற்றோரின் வாயை ஒருமுறை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். ஆடும் பல்லையும் வீங்கிய ஈறையும் கண்டால் கையோடு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பல்லும் நிலைக்கும், சொல்லும் நிலைக்கும், நிலமும் நிலைக்கும்.