மறைந்திருக்கும் மரக்கட்டை



போதைப் பழக்கம் உள்ள ஒருவர் திருப்பலி வேளையில் நம் அருகில் வந்து அமர்கிறார். "அவரும் கடவுளின் பிள்ளைதான்" என்று நம் வாய் சொல்லும். ஆனால் நம்மையும் அறியாமல் கை நம் பையை இழுத்து அணைத்துக்கொள்ளும். உதடு சொல்வது ஒன்று. உள்ளம் நினைப்பது மற்றொன்று.

இந்த உள்ளத்தை அளக்க இயலுமா? 1998-இல் அமெரிக்க உளவியலாளர் ஆன்டனி கிரீன்வால்டும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் இதற்கென ஒரு சோதனையை வெளியிட்டனர். கணினித் திரையில் தோன்றும் படங்களையும் சொற்களையும் இரண்டே பொத்தான்களால் விரைவாகப் பிரிக்க வேண்டும். போதைப்பொருள் பயன்படுத்துவோர் பற்றிய எண்ணத்தை அளக்கும்போது, ஒரு சுற்றில் அவர்களைக் குறிப்பவற்றுக்கும் தீய சொற்களுக்கும் ஒரே பொத்தான். மறு சுற்றில் அவர்களுக்கும் நல்ல சொற்களுக்கும் ஒரே பொத்தான். எந்தச் சுற்றில் கை தயங்குகிறது என்பதை நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை கணினி கணக்கிடுகிறது. அந்தத் தயக்கமே மறைவான முற்சாய்வின் அடையாளம்.

ஊசிவழி போதைப்பொருள் பயன்படுத்துவோரைப் பராமரிக்கும் ஆஸ்திரேலியச் செவிலியரிடம் நடந்த ஆய்வு ஒன்று 2008-இல் வெளியானது. வேலைப் பளுவால் சோர்ந்தவர்களிடம் இந்த மறைவான வெறுப்பு மிகுந்திருந்தது. பணியை விட்டு விலகும் எண்ணத்தோடும் அது இணைந்திருந்தது. அன்பு செய்ய வந்தவர்களின் உள்ளத்திலும் அது குடியேறுகிறது!

நாம் சூட்டும் பெயரும் இதை வளர்க்கிறது. 2010-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மனநலப் பணியாளர்கள் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் ஒரே மனிதரின் கதையை வாசித்தனர். சிலருக்கு அவர் 'போதைப்பொருளைத் தவறாகப் பயன்படுத்துபவர்'. மற்றவர்களுக்கு 'போதைப்பொருள் பயன்பாட்டுக் கோளாறு உள்ளவர்'. முதல் பெயரைக் கண்டவர்களே அவர்மேல் அதிகம் குற்றம் சுமத்தினர். தண்டனையையும் அதிகம் விரும்பினர்.

இச்சோதனை ஒருவரைத் தீர்ப்பிடும் தராசு அல்ல. ஒரே நபரின் மதிப்பெண்கூட முறைக்கு முறை மாறலாம். ஆயினும் ஆன்ம சோதனைக்கு அது நல்லதொரு தூண்டுதல்.

சீன நாட்டு மருத்துவர் புனித மாற்கு ஜி தியான்சியாங்கை நினைத்துப் பார்ப்போம். வயிற்று நோய்க்கு மருந்தாக உட்கொண்ட அபினே அவரை ஆட்கொண்டது. போதைப் பழக்கத்தை நோயாகக் காணாத காலம் அது. திருந்தும் மனம் இவருக்கு இல்லை என்று எண்ணியதால் பாவமன்னிப்பு மறுக்கப்பட்டது. ஏறத்தாழ 30 ஆண்டுகள் நற்கருணை இன்றியே வாழ்ந்தார். எனினும் ஆலயத்தை விட்டு அவர் விலகவில்லை. 1900-இல் பாக்சர் கலவரத்தின்போது தம் குடும்பத்தாருடன் விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தார். 2000-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரைப் புனிதராக உயர்த்தினார். மனிதர் காணத் தவறிய மனத்தை இறைவன் கண்டிருந்தார்.

பிறர் கண்ணிலுள்ள துரும்பைத் தேடுமுன் நம் கண்ணிலுள்ள மரக்கட்டையை எடுக்கச் சொன்னார் இயேசு (மத் 7:3-5). 'குடிகாரன்', 'கஞ்சா ஆசாமி' என்னும் பெயர்களை இன்றே விடுவோம். அவருடைய பெற்றோர் இட்ட பெயரால், திருமுழுக்கில் பெற்ற பெயரால் அவரை அழைப்போம். வரும் ஞாயிறு அவர் அருகில் நாமே சென்று அமர்வோம். அதற்கான வரத்தை ஆண்டவரிடம் கேட்போம்.