பிழை கையிலா, கருவியிலா?

நெசவாள அங்கத்தினர்களுக்குக் கருவியைப் பற்றி நாம் எடுத்துரைப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பதை ஒக்கும். ஆயினும் சென்ற ஆண்டு நாம் செய்த தவறொன்று இதனை எழுதும்படி நம்மைத் தூண்டுகின்றது.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து பேருந்தில் சென்று வரத்தக்க தொலைவில் உள்ள நெசவாளர் சங்கம் ஒன்றில், ஒரு சனிக்கிழமையன்று வாரக் கூலிப் பட்டியல் கணிப்பொறியிலிருந்து முழுவதும் மறைந்துபோயிற்று. எழுத்தராகிய அம்மையார் ‘பதிவு செய்க’ என்னும் பொத்தானை அழுத்துவதற்குப் பதிலாக ‘நீக்குக’ என்பதை அழுத்திவிட்டார். சீட்டுகளைத் தேடியெடுத்து மீண்டும் பட்டியல் இட மூன்று நாள் பிடித்தது. கூலி வந்தவுடன் தருவதாகச் சொல்லி மளிகைக் கடையில் கடன் வாங்கியிருந்த குடும்பங்கள் அந்த மூன்று நாளும் சங்கத்து வாயிலில் நின்றன. விசாரணைக்குச் சென்ற நாம், ‘கவனக் குறைவு’ என்று குறிப்பெழுதி அவரிடம் விளக்கம் கோரினோம். எட்டு வருஷம் ஒரு குறையுமின்றி வேலை பார்த்தவர், மறுமொழி ஏதும் கூறாமல் கையொப்பமிட்டார்.

அடுத்த தணிக்கையின்போது அதே நாற்காலியில் அமர்ந்து, மாதிரிப் பட்டியல்கள் சிலவற்றை நாமே பதிந்து பார்த்தோம். இரண்டு பொத்தான்களும் ஒரே நிறம், ஒரே அளவு. அடுத்தடுத்து நெருங்கி நின்றன. ‘நீக்கத்தான் வேண்டுமா?’ என்று ஒருமுறை கேட்கும் வழக்கமும் அதற்கு இல்லை. நீக்கியதை மீட்கவும் வழியில்லை. ஐந்தாவது பட்டியலை நாமும் நீக்கிவிட்டோம்!

இதனைக் குழித்தறியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மிதிகள் குழிக்குள் இருக்கின்றன; நெய்பவரின் கண் அவற்றைக் காண்பதில்லை. ஆயினும் கால் தன் மிதியைத் தானே அறிகின்றது. தவறி மிதித்தால் துணியின் முகத்திலேயே அது தெரிந்துவிடும். ஊடையைப் பிரித்தெடுத்துத் திருத்திக்கொள்ளலாம். 1733-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஜான் கே என்பவர் விசைநாடாவை அமைத்தார். அதற்கு முன் நாடாவை இரு கைகளாலும் மாற்றி மாற்றி எறிய வேண்டும். அகலத் துணிக்கு இரண்டு ஆட்கள் வேண்டும். அவர் நெசவாளரை இன்னும் விரைந்து எறியும்படி பழக்க முற்படவில்லை. கயிற்றையும் கைப்பிடியையும் மாற்றினார். ஒரு கை நாடாவை ஓட்ட, மற்றொரு கை பலகையை அடிக்க ஓய்வு பெற்றது.

நம் அங்கத்தினர் யாவரும் கையாண்டு பழகிய மற்றொரு கருவி மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம். கேரளத்துப் பறவூர்த் தொகுதியில் 1982-இல் முதன்முதலாக உபயோகிக்கப்பட்டது. 2004 மக்களவைத் தேர்தலில் எல்லாத் தொகுதிகளுக்கும் வந்தது. எழுத்தறியாதவரும் சின்னத்தைப் பார்த்து, அதற்கு நேரே உள்ள நீலப் பொத்தானை அழுத்துகின்றார். விளக்கு எரிகின்றது, ஓசை கேட்கின்றது. வாக்கு விழுந்ததோ என்ற ஐயம் இல்லை. பதற்றத்தில் இரண்டு முறை அழுத்தினாலும் ஒரு வாக்கே சேரும். இவற்றினும் நம் கருத்தைக் கவர்ந்தது, அலுவலரிடம் உள்ள பகுதியில் வாக்குகளை அழிக்கும் பொத்தான் இருக்கும் இடம். அது முத்திரையிட்ட மூடிக்குள் இருக்கின்றது. கை தவறிப் படுவதற்கு இடமே இல்லை. அந்த மூடி நம் கூலிப் பட்டியலுக்கு இருந்திருந்தால்!

கைப்பேசியில் பணம் அனுப்பும் விவசாய அங்கத்தினர்களும் இதனைக் கவனிக்க வேண்டும். பண்ருட்டிப் பக்கத்துப் பலா விவசாயி ஒருவரிடம், ‘முன்பணம் அனுப்புகின்றேன், இரகசிய எண்ணை இடுங்கள்’ என்று முன்பின் அறியாதவன் சொல்வதாக வைத்துக்கொள்வோம். உண்மையில் அவன் அனுப்பியது பணம் கேட்கும் விண்ணப்பம். பணம் பெறுவதற்கு இரகசிய எண் வேண்டியதில்லை. கொடுப்பதற்கே அது வேண்டும். கொடுப்பதும் பெறுவதும் ஒரே திரையில் ஒன்றுபோலத் தோன்றியதே ஏமாற்றுவோருக்கு வாய்ப்பாயிற்று. ‘எச்சரிக்கை’ என்று பல வருஷம் விளம்பரம் செய்தும் குறையாமையால், தனி நபர் ஒருவர் மற்றொருவரிடம் இவ்வாறு கேட்கும் முறையே 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டது. வணிகர்கள் அனுப்பும் விண்ணப்பம் இன்னும் உண்டு. ஆகவே எண்ணை இடுமுன் திரையில் தோன்றும் பெயரையும் தொகையையும் படித்துவிடுங்கள்.

நாம் முன்பு எழுதிய குறிப்பைத் திரும்பப் பெற்று, பொத்தான்களைப் பிரித்து வைக்கவும், நீக்குமுன் கேட்கவும், நீக்கியதை ஏழு நாளேனும் மீட்கத்தக்கதாகக் காக்கவும் வேண்டுமென்று இரண்டாவது குறிப்பு எழுதியனுப்பினோம். மாற்றம் இன்னும் வந்து சேரவில்லை. இதற்கிடையில், திரையில் ‘நீக்குக’ என்பது தோன்றும் இடத்தில் அந்த அம்மையார் சிவப்பு நூல் ஒன்றைக் குறுக்கே ஒட்டி வைத்திருக்கின்றார். அதற்குப் பின் ஒரு பட்டியலும் மறையவில்லை.