பெயரில்லா ஆய்வும் எச்-குறியீடும்

காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பூசி எந்த அளவிற்குப் பாதுகாப்பளிக்கிறது என்பதை அறிய, 1968ஆம் ஆண்டு அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பேராய்வு ஒன்று தொடங்கப்பெற்றது. ஆய்வு நிகழ்ந்த ஊர்களுள் பல இன்று திருவள்ளூர் மாவட்டத்தைச் சார்ந்தவை. இரண்டரை இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள் அதில் பங்குகொண்டனர். ஒரு பகுதியினர்க்குத் தடுப்பூசியும் ஏனையோர்க்கு மருந்தற்ற ஊசியும் இடப்பட்டன. சளியைச் சோதித்தும் ஊடுகதிர்ப் படம் எடுத்தும் பதினைந்து ஆண்டுகள் அம்மக்களைத் தொடர்ந்து கண்காணித்தனர்.

முதல் அறிக்கை 1979இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. பெரியவர்களைத் தாக்கும் நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி தடுக்கவில்லை என்பதே அதன் முடிவு. மருத்துவ உலகம் எதிர்பாராத முடிவு அது! பதினைந்தாண்டுக் கண்காணிப்பின் நிறைவில், 1999இல் வெளியான அறிக்கையும் அதனையே உறுதிசெய்தது. பி.சி.ஜி. குறித்து ஆராய்வோர் இவ்வாய்வைக் குறிப்பிடாமல் கடந்துசெல்வது அரிது.

ஓர் ஆய்வாளர் தம் கட்டுரையில் முந்தைய ஆய்வொன்றைச் சுட்டுவது மேற்கோள் எனப்படும். இம்மேற்கோள்களைத் தொகுத்து அட்டவணைப்படுத்தலாம் என்னும் கருத்தை 1955இல் யூஜின் கார்பீல்டு முன்வைத்தார். தகவலைத் தேடுவதற்கான கருவியாகவே அவர் அதனைக் கருதினார். நாளடைவில் அது ஆளை அளக்கும் கோலாயிற்று. 2005இல் ஹோர்கே ஹிர்ஷ் என்னும் இயற்பியலாளர் எச்-குறியீட்டை வகுத்தார். ஒருவர் எழுதிய ஐந்து கட்டுரைகள் முறையே 40, 12, 6, 4, 1 மேற்கோள்களைப் பெற்றுள்ளன எனக் கொள்வோம். குறைந்தது நான்கு மேற்கோள் பெற்ற கட்டுரைகள் நான்கு உள்ளமையால் அவருடைய குறியீடு 4. ஒரே கட்டுரை எழுதி, அது ஐந்நூறு மேற்கோள்களைப் பெற்றாலும் குறியீடு 1தான்.

செங்கல்பட்டு ஆய்வின் மேற்கோள்களை யார் கணக்கில் வரவு வைப்பது? அவ்வறிக்கைகள் தனியொருவர் பெயரில் வெளிவரவில்லை. சென்னையில் இயங்கிய ஆய்வமைப்பின் பெயரையே தாங்கி வந்தன. ஊசியிட்ட மருத்துவரும், சளியைச் சோதித்தவரும், ஊர் ஊராக நடந்து பெயர்ப்பட்டியல் எழுதியவரும் அப்பெயருக்குள் அடங்கிவிட்டனர். மேலும், அம்முடிவை ஏற்றுச் சுட்டியவரும் உண்டு. பிற நாடுகளில் பயனளித்த ஊசி இங்கு ஏன் பயனளிக்கவில்லை என வினவிச் சுட்டியவரும் உண்டு. எண்ணிக்கையில் இரண்டும் ஒன்றே.

இத்தகைய குறைகளை உணர்ந்த அறிஞர்கள் 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடி, இதழின் மதிப்பெண்ணைக் கொண்டு ஆய்வாளரை எடைபோடலாகாது என்று அறிக்கை வகுத்தனர். ஆயினும், பணி நியமனத்திலும் பதவி உயர்விலும் எண்களுக்குள்ள செல்வாக்கு முற்றிலும் நீங்கிவிடவில்லை. 1968இல் தொடங்கிய ஆய்வின் முதல் அறிக்கை வெளிவரப் பதினோர் ஆண்டுகள் ஆயின. இன்று ஓர் இளம் மருத்துவர் அத்தகைய ஆய்வு ஒன்றிற்கே தம்மை ஒப்படைத்தால், அந்தப் பதினோர் ஆண்டுகளும் அவருடைய எச்-குறியீடு சுழியிலேயே நிற்கும்.