எலி சொன்னதும் சொல்லாததும்

1990களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் மருந்து வேதியியலாளர் டேவிட் நிக்கோல்ஸின் ஆய்வகத்து எலிகளுக்கு ஒரு வேலை பழக்கப்படுத்தப்பட்டிருந்தது. எக்ஸ்டஸி என்ற போதைமருந்து உடலில் ஏறியிருந்தால் ஒரு நெம்புகோலை அழுத்த வேண்டும். ஏறியது வெறும் உப்புநீர் என்றால் மற்றொன்றை. 4-மெத்தில்தயோஆம்ஃபெட்டமின் என்ற புதிய சேர்மத்தைக் கொடுத்தபோது அவை எக்ஸ்டஸிக்கு உரிய நெம்புகோலையே அழுத்தின. ஆய்விதழில் அந்த முடிவு வெளியானது. சில ஆண்டுகளில் அதே சேர்மம் ஐரோப்பாவில் ‘ஃபிளாட்லைனர்’ என்ற பெயரில் போதை மாத்திரையாக விற்பனைக்கு வந்தது. விழுங்கியவர்களில் சிலர் இறந்தார்கள். தன் கட்டுரையைப் படித்துத்தான் யாரோ இதைச் செய்தார்கள் என்ற உறுத்தலை நிக்கோல்ஸ் 2011இல் ‘நேச்சர்’ இதழில் வெளிப்படையாக எழுதினார். அப்படியானால் அதை வெளியிட்டதே தவறா? இல்லை என்பதே என் வாதம். ஆனால் அந்த ‘இல்லை’யை அவ்வளவு எளிதாகச் சொல்லிவிடவும் முடியாது.

எலி அழுத்திய நெம்புகோல் ஒரே ஒரு கேள்விக்குத்தான் விடை: உள்ளே எழும் உணர்வு எக்ஸ்டஸியைப் போன்றதா? உடல் என்ன ஆகும் என்று அதனிடம் யாரும் கேட்கவில்லை. நரம்பு செல்கள் செரோடோனினைச் சேமித்துவைத்து, வேண்டும்போது சிறிது சிறிதாக வெளிவிடுகின்றன. அடுத்த செல்லின் மேலுள்ள ஏற்பிகள் அதைப் பற்றிக்கொள்கின்றன. இந்தச் சேர்மம் சேமிப்பை மொத்தமாகக் கொட்டவைக்கிறது. கொட்டியதைச் சிதைக்க வேண்டிய நொதியையும் முடக்குகிறது. தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு வடிகாலையும் அடைத்த கதைதான். அளவு மீறிய செரோடோனின் உடற்சூட்டை ஆபத்தான நிலைக்கு ஏற்றக்கூடியது. போதாததற்கு, போதை மெதுவாகவே ஏறும். முதல் மாத்திரை வேலை செய்யவில்லை என்று நினைத்து இரண்டாவதைப் போட்டவர்களும் உண்டு. ஒரு கேள்விக்குக் கிடைத்த விடையை முழு நற்சான்றிதழாக எடுத்துக்கொண்டது விற்றவர்களின் பிழை.

ஆபத்தானதை எழுதாமல் இருந்திருக்கலாமே என்று கேட்பது நியாயம்தான். ஆனால் எதை இழந்திருப்போம் என்றும் பார்க்க வேண்டும். மாயத்தோற்றம் தரும் எல்.எஸ்.டி. மூலக்கூறின் ஒரு முனையில் இரண்டு எத்தில் கிளைகள் தளர்வாக ஆடிக்கொண்டிருக்கும். ஏற்பிக்குள் நுழையும்போது அவை எந்தப் பக்கம் திரும்புகின்றன? நிக்கோல்ஸின் குழு அவற்றை நான்கு அணு வளையமாகக் கட்டி, அசையவிடாமல் மூன்று வடிவங்களில் செய்து பார்த்தது. எல்.எஸ்.டி.க்கு நெருக்கமாக வேலை செய்தது ஒன்றுதான். 2002இல் வந்தது இந்த முடிவு. 2017இல் வட கரோலினாவில் பிரையன் ராத்தின் ஆய்வகம், செரோடோனின் ஏற்பி ஒன்றுக்குள் எல்.எஸ்.டி. உட்கார்ந்திருக்கும் கோலத்தைப் படிகமாக்கிப் படம்பிடித்தது. வேதியியலாளர் கையால் ஊகித்த வடிவத்தோடு அது ஒத்துப்போனது. ஏற்பியின் ஒரு பகுதி மூடிபோல எல்.எஸ்.டி.யின் மேல் கவிந்திருந்ததும் தெரிந்தது. மைக்ரோகிராம் கணக்கில் எடுத்தாலும் விளைவு பல மணி நேரம் நீடிப்பதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். மனச்சோர்வுக்கு மருந்து தேடுபவர்களுக்கு இத்தகைய அறிவு அடிப்படை. அதைப் பூட்டிவைத்தால் தவிப்பது அவர்களே. கள்ளச் சந்தைக்காரர் பழைய காப்புரிமைகளைப் புரட்டினாலே போதும்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: அறிவை வெளியிட்டவருக்குப் பொறுப்பே கிடையாதா? உண்டு. ஐரோப்பிய வியாபாரி ஒருவர், நிக்கோல்ஸின் ஆய்வுகள் தனக்குப் பெரிதும் பயன்பட்டதாக 2010இல் ஒரு நாளிதழிடமே சொன்னார். இப்படிப்பட்ட வாசகரும் இருக்கிறார் என்று தெரிந்த பிறகு, ஏற்பியோடு ஒட்டும் வலிமையை மட்டும் எண்ணாகத் தந்துவிட்டு நகர்வது போதாது. எதைச் சோதிக்கவில்லை என்பதையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும். உடற்சூடு, இதயம், நொதிகள் ஆகியவற்றின் மேல் என்ன விளைவு என்று பார்க்கவில்லை என்றால், பார்க்கவில்லை என்று ஒரு வரி. விற்பவர் அதை மதிக்கமாட்டார். வாங்குபவர் படிக்கவும் மாட்டார். ஆனால் நோயாளி மயங்கிக் கிடக்கும்போது கட்டுரையைத் தேடும் அவசர சிகிச்சை மருத்துவர் படிப்பார்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் புற்றுநோயாளிகளின் மனத்துயருக்காக நடந்து, 2016இல் முடிவு வெளியான ஆய்வில் 51 பேர் மாயக் காளான்களில் உள்ள சைலோசைபினை எடுத்துக்கொண்டார்கள். அதைத் தயாரித்துத் தந்தவரும் நிக்கோல்ஸ்தான். அங்கே அளவு தெரியும்; எடுப்பவரின் உடல்நிலை முன்கூட்டியே சோதிக்கப்பட்டிருக்கும்; அதன் விளைவு அடங்கும்வரை பயிற்சி பெற்றவர்கள் பக்கத்தில் இருப்பார்கள். ஃபிளாட்லைனரை விழுங்கியவருக்கு இந்த மூன்றில் ஒன்றுகூட வாய்க்கவில்லை.