செக்கு எண்ணெய்க்கு யார் பொறுப்பு? உணவுத் துறைப் படிப்பும் சட்டம் கேட்கும் தகுதியும்!

கேள்வி: "நாங்கள் பத்து விவசாயிகள் சேர்ந்து கடலை எண்ணெய் ஆட்டி விற்கலாம் என்று இருக்கிறோம். 'ஃபுட் டெக்னாலஜி படித்தவர் கையெழுத்து இல்லாமல் எதுவும் நடக்காது. நான் ஏற்பாடு செய்து தருகிறேன்' என்று ஒருவர் பெரிய தொகை கேட்கிறார். என் மகள் பி.எஸ்சி., வேதியியல் முடித்திருக்கிறாள். அவள் அந்தப் பொறுப்பை ஏற்கக் கூடாதா? டாக்டர், வக்கீல்களுக்கு இருப்பதுபோல இந்தப் படிப்புக்கும் கவுன்சில் இருக்கிறதா?"

- திருவெண்ணெய்நல்லூர் வட்டார வாசகர் ஒருவர்.

விழுப்புரம் மாவட்டத்தில் கடலை விளையாத ஊர் குறைவு. திண்டிவனத்தில் எண்ணெய் வித்துகளுக்கென்றே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதனால் இந்தக் கேள்வி ஒருவருக்கு மட்டும் உரியது அல்ல. மதிப்புக்கூட்டல் செய்ய நினைக்கும் ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

கடலை வரை விவசாயி... எண்ணெய் ஆனால் வியாபாரி!

உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2006-ம் ஆண்டு நிறைவேறியது. பழைய உணவுக் கலப்படத் தடைச் சட்டத்துக்குப் பதிலாக 2011 ஆகஸ்ட் 5 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. இதன் 18-வது பிரிவு, விவசாயிக்கும், விவசாய வேலைகளுக்கும், பண்ணை அளவில் விளையும் பொருளுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது. உங்கள் நிலத்துக் கடலையை அப்படியே மூட்டை கட்டி விற்பதற்கு லைசென்ஸ் தேவையில்லை.

அதே கடலையைச் செக்கில் ஆட்டி, பாட்டிலில் அடைத்து, பெயர் ஒட்டினால் அது உணவுத் தொழில். சட்டம் அங்கிருந்து ஆரம்பிக்கிறது.

பதிவா... உரிமமா?

2011-ம் ஆண்டு விதிகள் தொழிலை அளவு பார்த்துப் பிரிக்கின்றன. ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட குறுந்தொழில் என்றால் பதிவு மட்டும் போதும் என்று அந்த விதிகள் 2011-ல் வகுத்தன. நாளொன்றுக்கு 100 கிலோ அல்லது லிட்டர் வரையிலான உற்பத்தியும், பால் என்றால் 500 லிட்டர் வரை கையாள்வதும் அப்போது இந்த வகைக்குள் அடங்கின. பதிவுக் கட்டணத்தை ஆண்டுக்கு 100 ரூபாய் என்றுதான் அந்த விதிகள் நிர்ணயித்தன. இந்த வரம்புகளும் கட்டணமும் அவ்வப்போது திருத்தப்படக்கூடியவை. எனவே, விண்ணப்பிக்கும் முன்பு உங்கள் பகுதி உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

பதிவுக்கு ஃபுட் டெக்னாலஜி பட்டதாரி தேவையில்லை. இடம், தண்ணீர், பாத்திரம், ஆட்களின் உடல்நலம் குறித்த சுகாதார நடைமுறைகளைக் கடைப்பிடித்தால் போதும். ஆகவே, 'கையெழுத்து இல்லாமல் எதுவும் நடக்காது' என்பது குறுந்தொழிலைப் பொறுத்தவரை உண்மை இல்லை.

தொழில் வளர்ந்து உற்பத்தி உரிமம் எடுக்கும்போதுதான் அந்த நிபந்தனை வருகிறது. உற்பத்தியை மேற்பார்வையிட, தொழில்நுட்பம் தெரிந்த ஒருவரையாவது பணியில் வைத்திருக்க வேண்டும். அவருக்கான தகுதியையும் விதியே சொல்கிறது. வேதியியல், உயிர்வேதியியல், உணவு மற்றும் ஊட்டச்சத்து, நுண்ணுயிரியல் ஆகியவற்றில் ஒன்றைப் படித்த அறிவியல் பட்டதாரியாக இருக்க வேண்டும். அல்லது ஃபுட் டெக்னாலஜியில் பட்டமோ, டிப்ளமாவோ, அதற்கு இணையான தகுதியோ பெற்றிருக்க வேண்டும்.

வாசகரின் மகள் பி.எஸ்சி., வேதியியல் முடித்தவர். அவர் தாராளமாக இந்தப் பொறுப்பை ஏற்கலாம். வெளியாளுக்குக் கொடுக்க இருந்த பணத்தை மகளுக்கே மாதச் சம்பளமாகக் கொடுங்கள். ஆனால், பெயருக்கு ஒரு சான்றிதழை மாட்டிவைப்பது நோக்கம் அல்ல. உற்பத்தி நடக்கும்போது அவர் அங்கே இருக்க வேண்டும்.

பட்டம் எதற்கு?

'காலம்காலமாகச் செக்கு ஆட்டுகிறோம், இதற்குப் படித்தவர் எதற்கு?' என்று சிலர் கேட்கலாம். கடலையில் வரும் அஃப்லாடாக்சின் நஞ்சுதான் அதற்குப் பதில். அறுவடை நேரத்தில் மழை பிடித்து, காய் சரியாகக் காயாவிட்டால் ஒருவகைப் பூஞ்சணம் வளர்ந்து இந்த நஞ்சை உண்டாக்கும். இது கல்லீரலைப் பாதிக்கும், புற்றுநோய்க்கும் காரணமாகும். சமையல் சூட்டில் முழுமையாக அழியாது. சுத்திகரிப்பு ஆலையில் பெருமளவு நீங்கிவிடும். நாம் செக்கில் ஆட்டி வடிகட்டும் எண்ணெயில் அந்த வசதி இல்லை. பிண்ணாக்கில் தங்கும் நஞ்சு மாட்டுக்குப் போய், பாலிலும் வரும்.

ஆகவே, நல்ல செக்கு எண்ணெய் களத்திலேயே ஆரம்பிக்கிறது. பருப்பின் ஈரப்பதத்தை 8 சதவிகிதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும். சுருங்கிய, நிறம் மாறிய, பூஞ்சணம் பிடித்த பருப்பைப் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு ஈட்டுக்கும் தேதி போட்டுக் குறிப்பு எழுத வேண்டும். இதையெல்லாம் தினமும் கவனிப்பதுதான் அந்தத் தொழில்நுட்ப நபரின் வேலை.

கவுன்சில் இருக்கிறதா?

மருத்துவர், வழக்கறிஞர், கால்நடை மருத்துவர் ஆகியோர் கவுன்சிலில் பதிவு செய்யாமல் தொழில் செய்ய முடியாது. ஃபுட் டெக்னாலஜி படித்தவர்களுக்கு இந்தியாவில் அப்படி ஒரு கவுன்சில் கிடையாது. மைசூருவைத் தலைமையிடமாகக் கொண்ட உணவு விஞ்ஞானிகள், தொழில்நுட்பவியலாளர்கள் சங்கம் இருக்கிறது. அது உறுப்பினர் சங்கமே தவிர, தொழில் உரிமம் வழங்கும் அமைப்பு அல்ல. இத்தாலியில் 1994-ம் ஆண்டிலேயே தனிச்சட்டம் போட்டு, உணவுத் தொழில்நுட்பவியலாளர்களைப் பதிவுபெற்ற தொழிலர்களாக ஆக்கிவிட்டார்கள்.

நம் நாட்டில் ஆளைப் பதிவு செய்யாமல், பதவிக்குத் தகுதியை நிர்ணயித்திருக்கிறார்கள். அந்தத் தகுதி பதவிக்குப் பதவி மாறும்.

உணவுப் பாதுகாப்பு அலுவலர்: ஃபுட் டெக்னாலஜி, டெய்ரி டெக்னாலஜி, பயோடெக்னாலஜி, எண்ணெய்த் தொழில்நுட்பம், வேளாண் அறிவியல், கால்நடை அறிவியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் ஆகியவற்றில் ஒரு பட்டம் அல்லது மருத்துவப் பட்டம் வேண்டும். வேதியியல் என்றால் முதுகலைப் பட்டம் வேண்டும். இந்தப் பதவிக்கு டிப்ளமா போதாது. தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் இந்தப் பணியிடங்களுக்கு ஆள் எடுத்திருக்கிறது.

உணவுப் பகுப்பாய்வாளர்: உரிய பட்டத்துடன் உணவுப் பரிசோதனையில் 3 ஆண்டு அனுபவம் வேண்டும். அதற்கென நடக்கும் தேர்விலும் தேற வேண்டும். உணவு உற்பத்தியிலோ விற்பனையிலோ பண ஆதாயம் உள்ளவரை இந்தப் பதவியில் நியமிக்கக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது.

ஆக, வாசகரின் மகள் இன்றைய படிப்பை வைத்து எண்ணெய்க் கூடத்தை மேற்பார்வையிடலாம். அரசு அலுவலராக வேண்டுமென்றால் எம்.எஸ்சி., படிக்க வேண்டும். பிள்ளைகளை இந்தத் துறையில் சேர்க்கும் பெற்றோர், பணம் கட்டும் முன்பு இரண்டைப் பாருங்கள். கல்லூரி அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தைச் சேர்ந்ததா? பட்டத்தின் பெயர் விதியில் உள்ள பட்டியலோடு பொருந்துகிறதா? கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம், செங்குன்றம் அருகே கொடுவள்ளியில் உள்ள உணவு மற்றும் பால்வளத் தொழில்நுட்பக் கல்லூரி, தஞ்சாவூரில் மத்திய அரசு நடத்தும் நிஃப்டெம் ஆகியவை இதற்கான அரசு நிறுவனங்கள்.

மாதிரி எடுக்க வந்தால்...

அலுவலர் மாதிரி எடுத்தால் பயப்பட வேண்டாம், உரிமைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். எடுத்த பொருளுக்கு வழக்கமான விற்பனை விலையைத் தர வேண்டும். மாதிரியை நான்கு பங்காகப் பிரித்து முத்திரையிட வேண்டும். ஒரு பங்கு பகுப்பாய்வாளருக்கு, இரண்டு பங்கு நியமன அலுவலரின் பாதுகாப்புக்கு. நான்காவது பங்கை, நீங்கள் கேட்டால், அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அதற்கான பரிசோதனைச் செலவு உங்களுடையது. பகுப்பாய்வாளர் 14 நாள்களுக்குள் அறிக்கை தர வேண்டும். முடிவில் உடன்பாடு இல்லையென்றால், அறிக்கை நகல் கிடைத்த 30 நாள்களுக்குள் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

நியாயமான காரணம் இல்லாமல் பொருளைப் பறிமுதல் செய்து தொல்லை கொடுக்கும் அலுவலருக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 39-வது பிரிவில் இடம் உண்டு. பொய்ப் புகார் கொடுப்பவருக்கும் அதே பிரிவில் 50,000 ரூபாய் முதல் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் இருக்கிறது.

எண்ணெய்த் தொழிலுக்குப் பயிற்சி வேண்டுவோர் திண்டிவனத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். பதிவுக்கு, ஃபாஸ்காஸ் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். இ-சேவை மையத்தில் செய்தால், பணம் கட்டிய ரசீதைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.